ஃபெலிசிதே வந்த ஊர்

"இல்லம்மா. அப்படி யார் பேரும் இல்ல. கிளம்புங்க."

காப்பக எழுத்தர் ராம்சரண் பழைய பேரேட்டைப் பட்டென்று மூடினார். எதிரே நின்ற ரோஸ்மேயின் முகம் சுருங்கிப்போனது.

ரெண்டு பஸ் மாறி, மொரீஷியஸின் அந்த ஆவணக் காப்பகத்துக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"ஐயா, மாப்பிள்ளை வீட்டுல, பீகார்லேருந்து அவங்க பூட்டன் வந்த கப்பல் பேரு, நம்பர், போட்டோ எல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. 'நீங்க எந்த ஊரு வழி?'ன்னு சம்பந்தியம்மா கேக்கறாங்க. எங்க பாட்டிக்குப் பாட்டி ஃபெலிசிதே, எங்க ஊர்க் கரும்புத் தோட்டத்துக்கு அடிமையா வந்தவ. அவ்வளவுதான் தெரியும். ஒரு வரி இருந்தாலும் நகல் குடுங்க. சபையில படிக்கணும்."

"அதான் இல்லேங்கறேனே!"

"உங்களை மாதிரி இந்தியா வழி ஆளா இருந்தா தேடியிருப்பீங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள் ரோஸ்மே.

பக்கத்து மேஜை ஜினெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் அடிமைகள் வழிவந்த கிரியோல் பெண்தான்.

"நல்லா இருக்கு சார் நியாயம்! கேட்டவ உங்க சாதிசனமா இருந்தா நாற்காலி போட்டு உட்கார வெச்சிருப்பீங்க."

அவர் பேரேட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

ஜினெத் பிரித்தாள். ரோஸ்மே சொன்ன கரும்புத் தோட்டம் கைமாறியபோது எழுதிய சாமான் பட்டியல்.

'இரும்புக் கொப்பரை, மூன்று. கோவேறு கழுதை, நான்கு. மொசாம்பிக் பெண் ஃபெலிசிதே, ஒன்று. இருமுறை தப்பி ஓடியதற்காகக் காதுகள் அறுக்கப்பட்டன. வேலைக்குப் பழுதில்லை.'

"இதையா அந்தம்மாவை சபையில படிக்கச் சொல்றது?" என்றார் ராம்சரண், திரும்பாமலே.

ஜினெத் படிகளில் தடதடவென்று ஓடினாள். வாசலில் ரோஸ்மேயைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா! இருக்கு. உங்க ஃபெலிசிதே மொசாம்பிக்லேருந்து வந்தவங்க. யாருக்கும் அடங்காதவங்களாம். சபையில தைரியமா சொல்லுங்க."

"மொசாம்பிக்... மொசாம்பிக்..." ரோஸ்மே அந்தப் பேரை நாக்கில் பழக்கிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக ஜினெத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்பே தாயி. அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக் குடேன்."

ஜினெத் குனிந்துகொண்டாள்.

"அதைச் செல்லு தின்னுடுச்சுக்கா."