ஆறாவது இதழ்

வடதேசத்துச் சதுப்பில், ஆய்வுக்கு வந்த முதல் கோடையில் ஒரே ஒருமுறை கண்ட வெள்ளைப் பூவைத் தாவரவியலாளர் மரகதவல்லி மறுபடி தேடிக்கொண்டிருந்தாள். இதேபோல் ஏற்கெனவே பெயரிடப்பட்ட இனத்துக்கு ஐந்து இதழ்கள், இதற்கு ஆறு. இதழ் கூடுவது சகஜம், விதையைக் காட்டினால்தான் தனி இனமென்று ஏற்போம் எனச் சொல்லி நிபுணர்கள் அவள் கட்டுரையை இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். இது மூன்றாம் கோடை. அடுத்த வருடம் சதுப்பை மூடிச் சாலை வந்துவிடும்.

அவளைப் பார்க்க ஊரிலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவன் சொக்கலிங்கம், இடுப்புவரை சேறாக, மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மரகதம், இதானே? எண்ணிப் பாரு!"

எண்ணினாள். ஆறு. காம்பு பாதியில் முறிந்திருந்தது.

"ஏங்க பறிச்சீங்க? விதை முத்த இன்னும் மூணு வாரம் ஆகுமே!"

"நீ கெடந்து அலையறியேன்னுதான்..."

"பக்கத்துல வேற செடி இருந்துச்சா? எந்த இடம்?"

அவன் திரும்பிப் பார்த்தான். அடிவானம்வரை ஒரே பாசி. மிதித்த இடங்களிலெல்லாம் அது மெல்ல நிமிர்ந்து தடத்தை மூடிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் அந்தத் திசையில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் கையைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினான்.