ஒன்பது மணி யுவன்

"இன்னைக்கும் இருபது நிமிஷம் லேட்டு!" மேனேஜர் கோதண்டராமன் கத்தினார். "நாளைக்கும் லேட்டானா வேலை போயிடும். யுவனைப் பாரும்மா. ஒரு நாள் லீவு உண்டா? டாண்ணு ஒன்பதுக்கு அட்டென்டன்ஸ்!"

இளவேனில் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்திருந்தாள். பொம்மசந்திராவிலுள்ள அந்தக் கம்பெனியில் சர்வர் பாதுகாப்பு அவள் பொறுப்பு. சர்வரில் ஒவ்வொரு புரோகிராமும் கன்டெய்னர் எனும் தனித்தனித் தடுப்புக்குள் தானாக ஓடும். எந்த கன்டெய்னர் என்ன செய்தது என்பது போன வாரம்தான் ஆடிட் லாக் எனும் கணினிப் பதிவேட்டில் பதிவாகத் தொடங்கியிருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் அவள்தான். நேரே போய் யுவனின் அட்டென்டன்ஸ் எப்படிப் பதிவாகிறது என்று லாக்கைத் திறந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், யுவனோட அட்டென்டன்ஸை யுவன் போடல. தினமும் ஒன்பதுக்கு ஒரு கன்டெய்னர் போடுது. அதை உருவாக்கினது அவன்தான்."

"ஃபோர்ஜரியா? உடனே அவனைக் கூப்பிடு!"

"எங்கேருந்து சார் கூப்பிடுறது? அவன் வேலையை விட்டுப் போய் எட்டு மாசமாச்சு. கன்டெய்னரை நிறுத்த மறந்துட்டான்."

கோதண்டராமன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியிருந்தது. "அவன் போனது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். வழியனுப்பு விழாவுல அவனுக்கு சால்வை போட்டதே நீங்கதான்."