நாலாவது ஊக்கு

"அடப்பாவி, காத்தைப் புடுங்குறானே!"

தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார் காளியண்ணன். மகள் தனப்பிரியாவின் ரேஸ் சைக்கிள் பக்கத்தில் மதியழகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டயரிலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று போனது.

மதியழகன் வேறு யாருமல்ல, தனப்பிரியாவோடு போட்டி போடும் ஜோதியின் அப்பா. இன்றைய சைக்கிள் பந்தயத்தில் முதலில் வரும் ஒருத்திக்குத்தான் மாநிலப் போட்டியில் இடம். தனப்பிரியாவை விட்டால் ஜோதி, ஜோதியை விட்டால் தனப்பிரியா.

காளியண்ணன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வருவதற்குள் மதியழகன் பம்பும் கையுமாக எழுந்துவிட்டார். டயர் கல் மாதிரிதான் இருந்தது. ஆனால் வால்வைச் சுற்றி வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது.

'என்னத்தையோ உள்ள ஊத்திட்டான். பாதி வழியில நிக்க வைக்கப் பாக்கறான்!'

"ஏனுங்க, உங்களைத்தான் தேடிட்டு..."

"ஒண்ணும் பேச வேண்டாமுங்க!" காளியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியழகன் மகளைத் தேடிப் போய்விட்டார்.

மைக்கில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேறு டயருக்கு இப்போது எங்கே போவது?

"அப்பா, நம்பரைக் குத்தி விடுங்க, சீக்கிரம்!" தனப்பிரியா முதுகைக் காட்டினாள்.

நம்பர் துணியின் மூன்று மூலைகளில் ஊக்கு குத்தினார். நாலாவது ஊக்கு கையிலேயே இருந்தது. பக்கத்தில் ஜோதியின் சைக்கிள் கேட்பாரற்று நின்றது.

மகள் ஹெல்மெட் மாட்டப் போன நேரத்தில் குனிந்தார். ஒரே குத்து. ஊக்கு முறிந்து, முனை ஜோதியின் பின் டயருக்குள்ளேயே தங்கிவிட்டது. மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல நிமிர்ந்தார்.

விசில் ஊதியதும் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். சேந்தமங்கலம் வரை போய்த் திரும்ப வேண்டும். காளியண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தது வேன்தான். உள்ளே பஞ்சரான சைக்கிள்களும் அழுத முகங்களும்.

"ரோட்டோரம் கருவேலம் வெட்டிப் போட்டிருக்கறாங்க. வழியெல்லாம் முள்ளு," என்றார் டிரைவர்.

எட்டிப் பார்த்தார். தனப்பிரியா இல்லை. ஜோதியும் இல்லை.

அப்புறம் இரண்டு சைக்கிள்கள் வந்தன. தனப்பிரியா முன்னால், ஜோதி அரை சக்கரம் பின்னால்!

துள்ளிக்கொண்டு ஓடினார். மகளின் டயரைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ஏழெட்டு முள் தைத்திருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் பால் மாதிரி வெள்ளை உறைந்திருந்தது.

"சந்தோஷமுங்க!" மதியழகன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காலையில வாரப்பவே முள்ளைப் பாத்தேன். உங்க வண்டி டயரை ஆட்டிப் பாத்தா உள்ள சீலன்டே இல்லைங்க. பஞ்சரைத் தானா அடைக்கிற மருந்து. டியூப்லெஸ் டயருக்கு அது இல்லாட்டி ஒரு முள்ளு போதும். அதான் காத்தை இறக்கிட்டு, ஜோதி வண்டிக்கு ஊத்தினது போக மிச்சத்தை ஊத்திட்டேன்."

"நீங்க ஊத்தாம இருந்திருந்தா உங்க பொண்ணு ஜெயிச்சிருக்குமேங்க..."

"அது உங்க பாப்பாவை முந்தோணும். முள்ளு ஜெயிச்சுக் குடுத்து என்னங்க பிரயோஜனம்?"

காளியண்ணன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்பா, நடுவுல என் பின் டயர் கொஞ்சம் இறங்கிடுச்சு. அப்புறம் தானா நின்னுருச்சு. அதுலதான் பின்னாடி போயிட்டேன்," என்றாள் ஜோதி.

மதியழகன் குனிந்து, டயரிலிருந்து எதையோ நகத்தால் உருவினார். முள் இல்லை, பளபளவென்று கம்பி.

அதைப் பார்த்தார். தனப்பிரியாவின் முதுகில் ஊக்கு இல்லாமல் ஒரு மூலை மட்டும் படபடத்த நம்பரைப் பார்த்தார்.

பிறகு கம்பியைக் காளியண்ணனின் உள்ளங்கையில் வைத்து, பிள்ளைகள் காதில் விழாமல் சொன்னார்:

"மீதியைக் கீழ போட்டுறாதீங்க. வேற எந்தக் கொழந்தை கால்லயாவது குத்தீரும்."