புது ஃபேன்

அப்பாவின் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் ரேடியேட்டருக்கு எந்த ஃபேன் போடுவது என்பதில் கௌசிகா சொன்னதே ஜெயித்தது.

"பழைய ஃபேனே போதுமுங்க அம்மிணி," என்றார் டிரைவர் குப்பண்ணன்.

"பிசிக்ஸ் படிச்சது நீங்களா, நானா?" என்று சிரித்தபடி எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கி, அவளே மாட்டினாள்.

அன்றிலிருந்து பாலக்காடு போகும்போதெல்லாம், வழியில் சித்தூர் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது.

"ஓட்டத் தெரியாம ஓட்டிப்போட்டு, ஃபேனைக் குத்தம் சொல்றயா?" என்று அப்பா பூபதிராஜா டிரைவரிடம் கத்தினார். பதினெட்டு வருடம் ஓட்டிய குப்பண்ணன், சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று அப்பாவே ஓட்டினார். பாலக்காடு வந்தும் சூட்டு முள் ஏறவில்லை.

"பாத்தியா கண்ணு? குப்பண்ணன் போனதும் வண்டி சரியாயிருச்சு!"



காலையில்தான் கௌசிகா ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டிய காகிதம், வெளியே பறந்தது. அவள் மாட்டிய நாளிலிருந்தே ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. மற்ற வண்டிகளில் நெகட்டிவாக இருக்கும் பாடி, இந்தப் பழைய வண்டியில் பாசிட்டிவ் என்பது பிசிக்ஸ்காரிக்குத் தெரியவில்லை.

ஃபேனின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றி மாட்ட ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. அதை அப்பாவிடம் சொல்ல, பாலக்காடு வரை வந்தும் வாய் வரவில்லை.