நுழையாத வளையம்

வளையம் நுழையவில்லை.

அவர் எண்ணெய் தடவினார். புறாக்குஞ்சின் முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து மறுபடியும் தள்ளினார்.

ஏழாம் நாள் போட்டிருக்க வேண்டும். இன்று பத்தொன்பதாம் நாள். கால் தடித்துவிட்டது.

வளையம் இல்லாத புறாவைக் கண்காட்சி மேசையில் ஏற்றமாட்டார்கள்.

எதிர்க்கூண்டில் வளையத்தோடு இரண்டு குஞ்சுகள் நின்றன. நீண்ட அலகு. தெருப்புறாவின் குஞ்சுகள்.

அவற்றுக்கு வளையம் போட்டவரும் அவரே. அடைப்புறா கலைந்துவிடக் கூடாது என்று, அதன் வயிற்றடியில் கையை விட்டு, பார்க்காமலே போட்டார்.

குட்டை அலகுப் புறாவுக்கு இரை ஊட்ட வராது என்பார்கள். அதனால் அதன் முட்டைகளைத் தெருப்புறாவிடம் வைப்பது வழக்கம். தெருப்புறாவின் முட்டைகளை இதனிடம். அவை பொரித்துப் பசியில் செத்தாலும் இழப்பில்லை. குட்டை அலகுப் புறாவின் கூண்டை அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மனைவி ஞானசுந்தரி தண்ணீர்க் குவளையோடு மாடிக்கு வந்தாள்.

"இந்தக் கூண்டை யார் தொட்டது?" என்று கேட்டார்.

"நான்தான். 'முட்டைகளை இன்றே மாற்றிவிடவும்'னு பலகையில எழுதியிருந்தீங்களே. அன்னைக்குச் சாயங்காலமே மாத்திட்டேன்."

"நீ மறந்துவிடுவாய் என்று அன்று காலையிலேயே நான் மாற்றிவிட்டேன்."

"அதை எழுதலையே. அப்போ நான் திரும்பப் பழையபடியே வச்சிருக்கேன்."

பலகை கூண்டின் மேலேயே தொங்கியது. அவருடைய கையெழுத்து. ஐயத்துக்கு இடமில்லாத வாக்கியம்.

"நீயாவது 'மாற்றிவிட்டேன்' என்று எழுதியிருக்கலாம்."

"எழுதினா பிழை திருத்துவீங்க."

அவர் குஞ்சைத் திருப்பிப் பார்த்தார். உருண்டைத் தலை. நெற்றியிலிருந்து அலகு நுனிவரை ஒரே வளைவு. மூன்று ஆண்டுகள் இணை சேர்த்தும் பிரித்தும் காத்திருந்த தலை.

எந்த நடுவரும் இதைப் பார்க்கப்போவதில்லை.

கூண்டில் விட்டார். அது கத்தியது.

தந்தைப்புறா வந்தது. கட்டை அலகைக் குஞ்சின் வாயில் வைத்தது. வழுக்கியது. இரை சிதறியது.

மீண்டும் வைத்தது. மீண்டும் சிதறியது.

ஐந்தாம் முறை குஞ்சின் தொண்டை அசைந்தது.

பத்தொன்பது நாள்கள்.

ஞானசுந்தரி கூண்டின் மூலையில் இருந்த மண்சட்டியைக் காட்டினாள். தாய்ப்புறாவின் அடியில் புதிய முட்டைகள் இரண்டு.

"இந்தத் தடவை யார் மாத்துறது? இப்பவே சொல்லிடுங்க."

அவர் பலகையை உள்ளங்கையால் துடைத்தார்.

சாக்குக்கட்டி காலடியில்தான் கிடந்தது. குனியவில்லை.