தடுக்கிற பட்டன்

அவருடைய விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்து, கன்ட்ரோலரின் மேல் வைத்தாள்.

கட்டைவிரல் பட்டனில். சுட்டுவிரல் பின்பக்கம். மற்ற மூன்றும் பிடியில்.

முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த விரல்கள்தான். இவ்வளவு நிதானமாக இப்போதுதான் தொடுகிறாள்.

வாதம் வந்து நாலு மாதம். வலக்கை ஈரத்துணி மாதிரி மடியில் கிடக்கிறது. மேஸ்திரி சங்கரலிங்கத்தின் அந்தக் கைக்கு நூல் மில்லில் நூறு பேர் பயந்தார்கள். வீட்டில் ஒருத்தி பயந்தாள்.

விரலுக்கு வேலை கொடுங்கள் என்று பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் என்ன பச்சைப்பிள்ளையா என்று அதை இடக்கையால் சுவரில் எறிந்தார். அப்புறம்தான் மகள் கோமதி பெங்களூரிலிருந்து வந்தாள். அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் இந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கினாள்.

கடைக்காரன் கார் பந்தயம் காட்டினான். கால்பந்து காட்டினான். சண்டை இருக்கிறதா என்று கேட்டாள் கோமதி. அப்பாவுக்கு அதுதான் வரும் என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

பெட்டியோடு ஒரு கன்ட்ரோலர்தான் வரும். கோமதி இன்னொன்றும் எடுத்தாள்.

"இது உனக்கும்மா. அப்பாவ மட்டும் ஆட விடாத."

தினமும் காலையில் ஒரு மணி நேரம். அவள் அவருக்கு வலப்பக்கம் உட்காருவாள்.

நாலு மாதமாக அந்த வீட்டில் பத்திரமான இடம் அது ஒன்றுதான். இடக்கை டம்ளரை எறியும், செம்பை எறியும். வலப்பக்கம் அதற்கு எட்டாது. இன்னொரு வசதியும் உண்டு. அவளுக்கு இடக்காது கேட்காது. கோமதி பிறந்த வருடம் அவர் அறைந்ததில் போன காது. இப்போது அவர் பக்கம் இருப்பது அதுதான். திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

திரையில் அவருடைய ஆள் மொட்டைத்தலையன். அவளுடையவள் சிவப்பு உடுப்புக்காரி.

முதல் வாரம் மொட்டையன் சும்மா நின்றான். சிவப்புக்காரியும் நின்றாள். நேரம் முடிந்தது என்று மிஷின் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு அந்த விளையாட்டு மிகவும் பிடித்திருந்தது.

பத்தாம் நாள் அவருடைய கட்டைவிரல் அசைந்தது.

மொட்டையன் சிவப்புக்காரியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். முழங்காலால் முகத்தில் இடித்தான். எலும்பு முறிந்தது. பல் தெறித்துத் தரையில் உருண்டது. அடி விழுந்ததும் கன்ட்ரோலர் தானாக அவள் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

கை குணமாக வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மன் கோயில் உண்டியலில் போடச்சொல்லி, நாத்தனார் வெள்ளியில் சின்னதாக ஒரு கை வாங்கிக் கொடுத்திருந்தாள். அது கடுகு டப்பாவுக்குள் கிடந்தது. போக நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாள். பொய். அவருடைய கை திரும்ப வரவே கூடாது என்றுதான் தாயிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருபதாம் நாள் மணிக்கட்டு வந்தது. முப்பதாம் நாள் முழங்கை. பிசியோதெரபி பெண் கை தட்டினாள். நீங்கள் கொடுத்துவைத்தவர் அம்மா என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் ஒரே ஒரு பட்டனைத்தான் பழகினாள். இடது சுட்டுவிரலுக்குக் கீழே இருக்கும், தடுக்கிற பட்டன். மொட்டையன் கையைத் தூக்கும்போதே அவள் விரல் அழுத்திவிடும். நீயும் அடி, அடித்தால்தானே ஆட்டம் என்று அவர் கத்துவார். அவள் அடிக்க மாட்டாள்.

யாரும் சொல்லித்தராமல் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அடியைத் தடுத்துவிட்டால் மொட்டையன் அரை நொடி தடுமாறுவான். முகம், நெஞ்சு, வயிறு எல்லாம் திறந்து கிடக்கும்.

அந்த அரை நொடியைத் தினமும் பார்த்தாள். தினமும் விட்டாள்.

நாற்பத்திரண்டாம் நாள் விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது.

ஒரே ஒரு குத்து. மொட்டையன் மல்லாக்க விழுந்தான். நேரம் முடிந்தது.

சிவப்புக்காரி ஜெயித்துவிட்டதாக மிஷின் சொன்னது.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகும். அன்றும் ஆனது.

கறுப்புக் கண்ணாடிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கை எழுந்தது.

மடியைவிட்டு எழுந்தது. முழங்கை மடங்கியது. தோள் உயர்ந்தது. ஐந்து விரலும் விரிந்தன. பிசியோதெரபி பெண் பார்த்திருந்தால் மறுபடியும் கை தட்டியிருப்பாள்.

அவர் ஏதோ சொன்னார். அது கேட்காத காதில் விழுந்தது.

அவளுடைய இடக்கை மேலே போனது.

முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் எழாத கை. மணிக்கட்டும் மணிக்கட்டும் மோதின. சுரீரென்று வலித்தது. கன்னத்தில் ஒன்றும் விழவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வாயைப் பிளந்தபடி இருந்தார். முகம், நெஞ்சு, வயிறு எல்லாம் திறந்து கிடந்தன.

அரை நொடி.

அவளுடைய வலக்கை சும்மாதான் இருந்தது.