முதலில் எழுது

ஆட்டை அறுப்பதற்கு முன் அதன் இடது காதைத் திருப்பிப் பார்த்த நாவோய் டீச்சர், ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டைக் கொண்டுவந்தவர் எருப்பே. மாவட்டத் தலைநகர் லோட்வாரிலிருந்து வந்திருந்த கல்வி அதிகாரி. வழியில் சந்தையில் வாங்கி, வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு வந்திருந்தார். செரிமான மண்டலம் நடத்துங்கள், புத்தகத்தில் இருப்பதை நடத்துங்கள், அது போதும் என்றார்.

புத்தகத்தில் இல்லாததை அவள் நடத்துகிறாள் என்பதுதான் புகாரே.

வகுப்பின் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வானொலி சொன்னது. அந்தப் பக்கம், ஆட்டுக்குடல் பார்த்துப் பெரியவர்கள் சொன்னது. மழை எப்போது, நோய் எங்கே, மந்தை எந்தத் திசையில் போனால் பிழைக்கும் என்று எல்லாம் இருக்கும். பருவம் முடிந்ததும் எது பலித்தது, எது பொய்த்தது என்று பிள்ளைகளே பக்கத்தில் குறிப்பார்கள்.

இதைத் துர்க்கானா மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் அறிவியல் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். சேர்ப்பதா, இருப்பதையும் அழிப்பதா என்று எருப்பே இன்று சொல்லிவிட்டுப் போவார்.

பலித்த பிறகு எழுதிவைத்தால் எல்லாமே பலிக்கத்தான் செய்யும் என்று வந்ததுமே ஒரு குத்து குத்தினார். நாவோய் சளைக்கவில்லை.

"முதல்ல எழுதுவோம் சார், அப்புறம்தான் பலிக்குதான்னு பார்ப்போம். எங்க தாத்தாக்கள் உளறினதும் அப்படியே பலகையில இருக்கு. ஒண்ணையும் அழிக்கல."

குடல் பார்ப்பது ஆண்களின் வேலைதான். ஆனால் பெண்களின் கண்ணுக்கு யார் வேலி போட்டார்கள்? அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றே அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

வேல மரத்தடியில் தழை பரப்பி, அதன்மேல் குடலை விரித்தார்கள். நாலு அறை இரைப்பை, சிறுகுடல் என்று பிள்ளைகள் தடையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எருப்பேவின் முகம் தெளிந்தது.

குடல் வளைந்து திரும்பும் ஓர் இடத்தில் அந்தப் பட்டியல் அறுந்தது.

அங்கே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று நின்றுவிட்டன. அவற்றைச் சுற்றி நரம்பு கறுத்துக் கிடந்தது.

பிள்ளைகள் குடலைப் பார்த்தார்கள். பிறகு எருப்பே நின்ற பக்கம் பார்த்தார்கள். எழவு வீட்டுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அவர் பாடத்தைத் தொடரச் சொன்னார். யாரும் தொடரவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சாருக்கு வேர்க்கிறது என்று ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் முணுமுணுத்தான்.

அதுவரை ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்த மனிதர், நாவோயின் அருகே வந்து, தாய்மொழியில் தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன சொல்லுது?"

"எழுதாம எதையும் சொல்றதில்ல சார். அது இந்த வகுப்போட சட்டம்."

எழுத வேண்டாம், காதோடு சொன்னால் போதும் என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்.

எழுத அவளுக்கும்தான் கை வரவில்லை. இத்தனை நாள் இந்தக் குடல் பலிக்க வேண்டும், பலிக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் அவள். ஆனாலும் வகுப்புக்குள் போனாள். பிள்ளைகளும் அதிகாரியும் பின்னாலேயே வந்தார்கள். சுண்ணக்கட்டியை எடுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம், கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி எழுதினாள்.

'மேற்கே போன மந்தை, மழைக்கு முன்னால், மேய்த்தவன் இல்லாமல் திரும்பும்.'

கீழே தேதி போட்டாள்.

எருப்பே ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது. தன் பரம்பரைக்கே மந்தை இல்லை, தனக்குத் தெரிந்த மேய்ப்பன் ஒருவன்கூட இல்லை, இதற்குப் பொய் என்று இப்போதே பக்கத்தில் குறித்துவிடலாம் என்றார்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த அதாபோ என்ற பெண் அவரைப் பார்க்கவே இல்லை, டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடியிலும் பிள்ளைகள் பார்த்தது அவருக்குப் பின்னால் நின்றவளைத்தான் என்று எருப்பேவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நாவோய் கையிலிருந்த சுண்ணத்தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"காசு கொடுத்தது நீங்க சார். குடல் பேசறது வளர்த்த வீட்டைப் பத்தி. ஆட்டோட இடது காதுல இருக்கிற அடையாள வெட்டு, என் தம்பி லோமுரியா போட்டது. இந்தப் பிள்ளைங்களுக்கும் அது தெரியும்."

போன வாரம்தான் அவன் மந்தையோடு மேற்கே கிளம்பினான். வழிக்கு வேண்டிய மாவு வாங்கச் சந்தையில் ஓர் ஆட்டை விற்றுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தான்.

எருப்பே பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மேற்குப் பாதை அவளுக்குத் தெரியுமா என்று மட்டும் வாசலில் நின்று கேட்டார்.

பொய்யாகப் போகட்டும், பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் காலணியை மாட்டினாள். அதாபோ யாரும் சொல்லாமலே துடைப்பானைக் கையில் எடுத்து, அந்த வரியின் அருகே போய் நின்றாள்.

"அதைக் கீழ வை" என்றாள் நாவோய். "நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. பொய்னா பொய்னு, நானே வந்து எழுதறேன்."